ஓடு பிரிக்கும் முன்

 

இன்றைய பேச்சு வீட்டைப் பழுது பார்ப்பது பற்றியது. வேலை நடக்கும்போது என்ன செய்வது என்பதல்ல. வேலை தொடங்கும் முன் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓட்டு வீடு. கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். மழை வந்தால் அடுப்படி ஒழுகும். சுவரில் ஈரம் ஏறிக் காரை உதிர்கிறது. சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. "நாளைக்கே மேஸ்திரியை வரச் சொல்லு. ஓட்டைப் பிரிக்கட்டும்" என்கிறார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க" என்கிறார் மனைவி. அவர் போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றவர்.

மாதம் ஏப்ரல். கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் கூரை முடிய வேண்டும். சுவர் பூச வேண்டும். பூசிய சுவரைக் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். பிறகு அது நன்றாகக் காய வேண்டும். காயாத சுவரில் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக உரியும். நாள் குறைவுதான். ஆனாலும் அந்த அக்கா ஒரு வாரம் கேட்கிறார்.

அந்த ஒரு வாரத்தில் என்ன செய்கிறார்? ஒரு நாள் கோடை மழை பெய்கிறது. சொட்டு விழும் இடத்தில் எல்லாம் தரையில் கரித்துண்டால் வட்டம் போடுகிறார். மறுநாள் உச்சி வெயிலில் கதவு, சன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். உடைந்த ஓடு வழியாக வெளிச்சம் தெரிகிறது. எண்ணி நோட்டில் எழுதுகிறார்: உடைந்த ஓடு 60. பிரிக்கும்போதும் சில உடையும். ஆகவே 75 வாங்க வேண்டும்.

கணவர் ஏணியில் ஏறிக் கைமரங்களைத் தட்டிப் பார்க்கிறார். இரண்டு மரம் பொத்தல் சத்தம் கொடுக்கிறது. கரையான். இது முதலில் தெரியாமல் போயிருந்தால்? கூரையைப் பிரித்த பிறகு மரத்துக்கு அலைய வேண்டும். தலைக்கு மேலே வானம்தான் இருக்கும்.

ஓடு வாங்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மங்களூரில் 1865-ஆம் ஆண்டு ஜெர்மன் பாதிரிமார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு பல ஊரில் பல கம்பெனி வந்தது. எல்லா ஓடும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கொளுவாது. இடுக்கில் தண்ணீர் இறங்கும். அதனால் கடைக்குப் போகும்போது வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். அந்த அக்கா பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். கனம்தான். ஆனால் 75 ஓட்டைத் திருப்பிக் கொண்டு போவதை விட இது லேசு.

சிமெண்ட் மூட்டையில் எழுத்து இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? எடை 50 கிலோ என்று இருக்கிறதா? எந்த வாரம், எந்த வருடம் தயாரித்தது? இதையும் அச்சடித்திருப்பார்கள். மூன்று மாதம் கிடந்த சிமெண்டின் வலு நன்றாகக் குறைந்துவிடும். கட்டி தட்டிய மூட்டை வேண்டவே வேண்டாம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். படித்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இனி சொல்வதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய கதவு, சன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியா முழுவதும் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும். அது பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்ட வேண்டும். தீயால் கருக்கி எடுக்கக் கூடாது. தூளை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் பாட்டியோடு அத்தை வீட்டில் இருப்பது என்று அந்த அக்கா முடிவு செய்கிறார்.

வேலையின் வரிசை இது: முதலில் கூரை. பிறகு மின் கம்பி. அதன் பிறகு சுவர். கடைசியில் பெயிண்ட். சுவரைப் பூசிவிட்டுக் கம்பிக்காக மறுபடி கொத்தினால் இரட்டைச் செலவு.

மேஸ்திரி வருகிறார். நல்ல வேலைக்காரர். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். இங்கேதான் பல வீட்டில் தகராறு வருகிறது. பணம் போய்விடும், ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார், கூரை திறந்து கிடக்கும். அந்த அக்கா நோட்டை எடுக்கிறார். என்ன வேலை, சாமான் யார் பொறுப்பு, கூலி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று எழுதியிருக்கிறார். தொடங்கும்போது கொஞ்சம், கூரை முடிந்ததும் கொஞ்சம், சுவர் முடிந்ததும் கொஞ்சம். ஒரு மழை பார்த்த பிறகு மீதி.

மேஸ்திரியின் முகம் சுருங்குகிறது. "எங்க மேல நம்பிக்கை இல்லையா அக்கா?"

"நம்பிக்கை இருக்குங்க மேஸ்திரி. மறந்து போறது ரெண்டு பேருக்கும் உண்டு. அதுக்குத்தான். நாங்க காசு குறைச்சுக் கொடுத்தாலும் இந்தத் தாளைக் காட்டி நீங்க கேட்கலாமே."

மேஸ்திரி தாளை வாங்குகிறார். வெகுநேரம் பார்க்கிறார். பிறகு மெதுவாக நீட்டுகிறார். "நீங்களே வாசிங்க அக்கா. எனக்கு அவ்வளவா வராது."

அந்த அக்கா எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிறார். கடைசி வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்துகிறார்.

"முகட்டு ஓட்டுக்குச் சாந்து வைக்கிறதை விட்டுட்டீங்களே. அதுக்கு ஒரு நாள் வேலை இருக்கு. அதையும் எழுதுங்க."

அந்த அக்கா பேனாவை எடுத்து அந்த வரியைச் சேர்த்து எழுதுகிறார்.