மண்வெட்டி பிடித்த வீரர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கத்து மேடையிலே புலவர்களைப் பற்றியும் புரவலர்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டவர் புலவரும் அல்லர், புரவலரும் அல்லர். அவர் எங்கள் பாட்டனார். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், இன்று திருவண்ணாமலை மாவட்டமாக விளங்கும் பகுதியில், செங்கத்திற்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஐந்தாண்டுகள் பணிபுரிந்தார். ஊர் திரும்பி நாற்பது ஆண்டுகள் நிலத்தில் உழைத்தார். அவ்விரண்டும் இருவேறு வாழ்க்கைகள் அல்ல, ஒன்றே என்பதைத்தான் சொல்ல வந்தோம். இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. இவ்வவையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களில் இன்னும் சிலவற்றிலும் இத்தகைய பாட்டனார் இருந்திருப்பார். ஆதலின் உரிமையோடு பேசுகின்றோம்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியத் தலைவர்கள் எவரையும் கலவாமலே, வைசிராய் லின்லித்கோ பிரபு இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதனை எதிர்த்து மாகாணங்களிலிருந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவையும் விலகிற்று. தலைவர்கள் விலகினர், ஏழை உழவர்களோ படையில் சேர்ந்தனர். போர் முடியும் காலத்தில் இந்தியப் படையின் தொகை 25 இலட்சத்தை எட்டியிருந்தது. தாமாகச் சேர்ந்தோரைக் கொண்ட படைகளில் உலகிலேயே பெரியது அதுவே என்பர். மாண்டவர் ஏறத்தாழ 87,000 பேர்.

தாமாகச் சேர்ந்தோர் என்று ஏடுகள் எழுதும். வானம் பொய்த்த புன்செய்யும், வட்டிமேல் வட்டி ஏறிய கடனும், பசித்த வயிறுகள் ஐந்தும் ஒருவனை வீட்டைவிட்டு அனுப்பினால், அவன் தானாகப் போனான் என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்? எங்கள் பாட்டனார் 1941இல் பெங்களூருக்குப் போனது கொடியின்மீது கொண்ட காதலால் அன்று; மாதந்தோறும் வீட்டுக்கு மணியார்டர் வரும் என்பதனால்தான். வெள்ளையர்க்காகப் போரிட்டவரைப் போற்றலாமா என்று கேட்கும் இளைஞர்க்கு எங்கள் விடை இதுவே. அதே காலத்தில் மலேயாவில் இருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஒரே மண்ணின் மக்கள் இரு பக்கத்திலும் நின்றார்கள். ஒருவரைப் போற்றுவதற்கு மற்றவரைத் தூற்ற வேண்டா.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றையும் நினைவிற் கொள்ளல் நலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடபுலத்தாரே போர்க்குடியினர், தென்னாட்டார் போருக்கு ஆகார் என்று ஆங்கிலத் தளபதிகள் முடிவு கட்டினர். அக்கொள்கையை வலியுறுத்தியவருள் முதன்மையானவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கே தலைமை தாங்கியவர். சென்னைப் பட்டாளங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பின் சென்னை ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது. இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் அதனை மீண்டும் திரட்டினர்! இடையில் அழியாது நின்ற பிரிவு, 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, குடிநீர் காண்பது ஆகியவை அப்படையின் தொழில். அதன் வீரர்க்குப் படை முழுவதும் வழங்கிய செல்லப்பெயர் ‘தம்பி’ என்பது. எங்கள் பாட்டனாரும் அந்தத் தம்பிகளுள் ஒருவர்.

போர் என்றதும் வாளும் வேலும், துப்பாக்கியும் பீரங்கியும் நம் கண்முன் நிற்கும். சாப்பரின் போரோ மண்ணோடும் மரத்தோடும் இரும்போடும் நிகழ்வது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கண்ணிவெடி புதைத்த நிலத்தை ஊடறுத்து வழி காணவேண்டும். காதில் ஒலி தரும் கருவி உதவாத இடத்தில், குப்புறக் கிடந்து, துப்பாக்கி முனைக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்க்கவேண்டும். துப்புரவான தடத்தின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டவேண்டும். அதன் பின்னரே மற்றவர் அவ்வழியே நடப்பர். இத்தாலியில் பகைவர் தகர்த்துச் சென்ற பாலங்களுக்கு மாற்றாகப் பெய்லி பாலம் அமைக்கவேண்டும். அதன் சட்டம் ஒவ்வொன்றும் 10 அடி நீளம். ஆறு பேர் தோள் கொடுத்தால்தான் அசையும். பாரந்தூக்கி இல்லாமலே அவற்றைக் கோத்து, உருளைகளின் மேல் ஏற்றி, ஆற்றின் குறுக்கே கைகளால் தள்ளுவார்கள். பெரும்பாலும் இரவில், விளக்கின்றி, குண்டுகள் விழுந்து கொண்டிருக்கையில். தம் ஐந்தாண்டுப் போரை எங்கள் பாட்டனார் மூன்று சொற்களில் முடித்துவிடுவார்: “வெட்டினோம், கட்டினோம், வந்தோம்.”

வாராதவரும் உண்டு. 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மிக்னானோ என்னும் இடத்தில், மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு சென்றார். ஒரு வெடி தூண்டப்பட்டது. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. விலகிப் பாயலாம், உயிர் தப்பலாம். அவரோ உடனிருந்தவர்களைக் காக்க அவ்வெடியின்மேல் தம் உடலையே கவிழ்த்தார். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அப்போர்முனையில் தாமும் இருந்த பாட்டனார், அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நிற்பார்.

1946இல் ஊர் திரும்பினார். போர்க்காலத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் விடுவிக்கப்பட்டவர்க்கு ஓய்வூதியம் கிடையாது. பிற்காலத்தில் தமிழக அரசு அத்தகையோர்க்கு மாத உதவி அளித்தது. 1946இல் அவர் கையில் இருந்தவை சிறு தொகையும், ஆறுமுனைப் பதக்கங்களும், பணிச்சான்று ஏடும், கற்றுக்கொண்ட தொழிலுமே.

அத்தொழில் ஊருக்குப் பயன்பட்டது. எங்கள் பக்கத்து நிலம் அடியில் பாறை. கிணறு வெட்டுவது எளிதன்று. தமர் அடித்து, மருந்திட்டு, திரி வைத்துப் பாறை பிளக்கும் கலையை அவர் படையில் பயின்றிருந்தார். தம் நிலத்தில் முதற்கிணற்றை வெட்டினார். பின்னர் அண்டை அயலார் கிணறுகளுக்கும் அவரையே அழைத்தனர். திரிக்குத் தீ வைக்குமுன் சுற்றியிருப்போரைத் தாமே ஒருவர் ஒருவராக எண்ணுவார். எண்ணிக்கை நிரம்பாமல் தீக்குச்சியைத் தொடமாட்டார். எங்கள் ஊரில் ‘கவலை’ என்றால் மாடு பூட்டி நீர் இறைக்கும் ஏற்றம். விடியுமுன்னே கவலை ஓட்டி, மணிலாவுக்கும் கேழ்வரகுக்கும் நீர் பாய்ச்சுவார். வீட்டாரின் கவலையும் அந்தக் கவலையால்தான் தீர்ந்தது. மாலையில் மண்வெட்டியைக் கழுவித் துடைத்துச் சுவரில் சார்த்திய பிறகே தாம் கைகால் கழுவுவார்.

போர் அவரை முற்றும் விட்டுவிடவில்லை. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால், கால் வைக்குமுன் ஒரு கணம் நிற்பார். உழவர்க்கு நாள்தோறும் கிளறிய மண்ணில்தானே வேலை! நாற்பது ஆண்டும் அந்த ஒரு கணம் நின்றார். நின்று, பிறகு கால் வைத்தார். பாலைவனத்தில் வழி கண்டது வீரம் என்றால், இதனை வேறு என்னவென்று சொல்வது? வள்ளுவர் பொருட்பாலில் படைக்கு இரண்டு அதிகாரங்களும் உழவுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். எங்கள் பாட்டனார் மூன்றிற்கும் உரியவர்.

நாம் இத்தலைநகரில் குடியேறியதற்கும் அவர்க்கும் தொடர்பு உண்டு. எங்கள் தந்தையார்க்குத் தில்லியில் வேலை என்று கடிதம் வந்தபோது, வீடே கலங்கிற்று. கடல் கடந்தவர் ஆதலின் அவர் ஒருவரே அஞ்சவில்லை. மணிலா விற்ற பணத்தில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸுக்குச் சீட்டு வாங்கித் தந்தார். படையில் கேட்டுப் பழகிய இந்துஸ்தானிச் சொற்கள் சிலவற்றையும் சொல்லி அனுப்பினார். நம் காலனிக் குடும்பங்கள் பலவும் இவ்வாறு யாரோ ஒருவரின் கிணற்று நீரில் வேர் கொண்டவையே.

இந்நகரின் இந்தியா கேட், 1931இல் திறக்கப்பட்டது. அதில் பொறித்துள்ள 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் முதல் உலகப் போரிலும் ஆப்கானியப் போரிலும் மாண்டோர் பெயர்கள். அதன் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் விடுதலைக்குப் பின் உயிர் நீத்தோர் பெயர்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் மாண்ட நம்மவர் பெயர்களைப் பர்மா, இத்தாலி முதலிய நாடுகளின் நினைவுச் சின்னங்களில் காணலாம். உயிரோடு திரும்பி, உழைத்து ஓய்ந்தவர்க்கோ எங்கும் கல் இல்லை.

செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை காத்து வீழ்ந்தவனுக்குப் பல்லவர் காலத்தில் கல் நட்டு, அவன் பெயரும் ஊரும் செயலும் பொறித்தார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த அவன் நாய் கோவிவனையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நாய்க்கும் நன்றி மறவாத மண் அது!

ஆதலின் அன்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். அப்போரில் சேர்ந்தபோது 20 வயதினராய் இருந்தவர்க்கு இன்று நூறு வயது கடந்திருக்கும். அவரைக் கண்ட நம் தலைமுறையே எஞ்சியுள்ளது. வீட்டுப் பெட்டியில் பணிச்சான்று ஏடோ, பதக்கமோ, பழைய மணியார்டர் துண்டோ இருக்குமாயின் எடுத்துப் பாருங்கள். பெயர், ஊர், படைப்பிரிவு, பணி எண், சென்ற நாடுகள், திரும்பிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். திரும்பியபின் வெட்டிய கிணற்றையும், உழுத நிலத்தையும், படிக்கவைத்த பிள்ளைகளையும் மறவாமல் எழுதுங்கள். போரை மட்டும் எழுதினால் பாதி வீரமே பதிவாகும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றிற்கெனச் சில பக்கங்களை ஒதுக்குமாறு சங்கத்தாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். கல் நட நமக்கு ஊர்ப் பொதுநிலம் இங்கே இல்லை. ஏடு இருக்கிறது, எழுதுவோம்.