முதல் வீடு வாங்குவோருக்கு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வாங்கிப் பார் என்று சொல்லவில்லை. அந்நாளில் வீடு தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. இல்லையேல் நம் கண்ணெதிரே கட்டப்பட்டது. இன்றோ பலர் பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குகிறார்கள். ஆகவே, சுவரைத் தட்டிப் பார்க்குமுன் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாடம் சொல்லிப் பழகியவன் நான். இதனையும் மூன்று பாடங்களாகவே பிரித்துச் சொல்லுகிறேன்.

முதற்பாடம், விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்பது. மூலப் பத்திரம் முதல் இன்றைய உரிமையாளரின் பத்திரம் வரை, சொத்து கைமாறிய வரலாறு சங்கிலிபோல் அறுபடாமல் இருத்தல் வேண்டும். பூர்வீகச் சொத்தாயின் பெண்மக்களை மறவாதீர்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை அளித்தவை. என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதி முழுவதையும் கொடுத்து, சகோதரர் இருவரிடம் ஒரு வீடு வாங்கினார். வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர்களுடைய தங்கையின் கையொப்பத்தை எவரும் கேட்கவில்லை. அந்த அம்மையார் தம் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆயினும், இளைப்பாற வேண்டிய வயதில் என் நண்பர் நீதிமன்றத்திற்கு நடக்கலானார்.

அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் காட்டி வீடு கைமாறிவிட்டது என்பாரையும் நம்பாதீர்கள். அவற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமை தரும்.

இரண்டாம் பாடம், ஆவணங்களைச் சரிபார்த்தல். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெற்றுப் பாருங்கள். ஆனால் அது பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையோ, உள்ளே குடியிருப்பவரின் உரிமையையோ காட்டாது. ஆகவே அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். நகலை மட்டும் காட்டினால், அசல் எங்கே அடகு இருக்கிறது என்று கேளுங்கள். பட்டாவிலுள்ள பெயரும் அளவும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்றும் நோக்குங்கள். அடுக்குமாடி வீடாயின், 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. அச்சட்டத்திற்கு உட்பட்ட திட்டங்களில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது.

மூன்றாம் பாடம் கணக்கு. வீட்டு விலையை மட்டும் எண்ணிக் கடன் வாங்குவோர் பத்திரச் செலவில் திகைத்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 2023ஆம் ஆண்டில் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை முதலியன 7 விழுக்காடு. 40 லட்ச ரூபாய்க் கிரயத்திற்கு இவ்வகையில் 3,60,000 ரூபாய் ஆகும். இதனை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

கடனையும் கணக்கிட்டுப் பாருங்கள். 20 லட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 43 லட்சம் ஆகிவிடும். அதே கடனை 15 ஆண்டுகளில் தீர்ப்பதாயின் தவணை ஏறத்தாழ 20,300 ரூபாய். மொத்தம் முப்பத்தாறரை லட்சம். மாதந்தோறும் 2,300 ரூபாய் கூடுதலாகக் கட்ட இயலுமானால், ஆறரை லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது. ஆயினும், பிள்ளைகளின் படிப்பையும் மருத்துவத்தையும் நெருக்கித் தவணை கட்ட முனையாதீர்கள். குடும்பத்தின் வருவாய்க்குத் தக்க தவணையே நல்ல தவணை.

'இன்றே முன்பணம் கொடுங்கள். நாளைக்கு வேறொருவர் வாங்கிவிடுவார்' என்று தரகர் அவசரப்படுத்தலாம். வாங்கினால் வாங்கட்டும். வேறு வீடு கிடைக்கும். வாழ்நாள் சேமிப்பு மறுமுறை கிடைப்பது அரிது. நேர்மையான வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களை ஒப்படைத்து, அவர் கருத்தை எழுத்தில் பெற்ற பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.