நம் தெருவும் 2046ஆம் ஆண்டும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இந்த இதழில் வெளியிடப்படுகிறது.)



தண்ணீர் லாரி, லிப்ட், பராமரிப்புக் கட்டணம் என்ற வழக்கமான மூன்று விஷயங்களையும் முடித்துவிட்டோம். மிச்சமிருக்கும் நேரத்தில் நான்காவதாக ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது சென்னையின் மூன்றாவது மாஸ்டர் பிளான். அரசுத் தமிழில் முழுமைத் திட்டம் என்பார்கள்.

நான் நகரமைப்பு படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அதில் பல வருடங்கள் கடன் பிரிவில் இருந்தேன். வீட்டுக் கடன் கேட்டு வருபவர்களின் ஃபைலில் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. அந்த வரைபடத்தில் சிஎம்டிஏ முத்திரை இருக்கும். ஒரு மனையில் என்ன கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம் என்று அந்த முத்திரை சொல்வதெல்லாம் ஒரு பெரிய திட்டத்தை வைத்துத்தான். அதுதான் மாஸ்டர் பிளான். நாம் ஒவ்வொருவரும் வீடு வாங்கியபோது, தெரிந்தோ தெரியாமலோ, அதை நம்பித்தான் வாங்கினோம்.

முதல் மாஸ்டர் பிளான் 1970களின் நடுவில் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் அங்கீகரிக்கப்பட்டது. இடையில் முப்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இரண்டாவது திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கும். இருபது வருஷம். வீட்டுக் கடன் மாதிரிதான், ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் இருபது வருஷத்துக்குத் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பரப்பும் மாறிவிட்டது. இரண்டாவது திட்டம் போடும்போது சென்னைப் பெருநகரம் 1,189 சதுர கிலோமீட்டர். 2022இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசு ஆணை வந்தது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளோடு அரக்கோணம் பக்கமும் உள்ளே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய வரைபடத்தில் நம் தெரு ஒரு பென்சில் கோடு கூட இல்லை. நாம் பேசவில்லை என்றால் அந்தக் கோட்டை யாரும் கவனிக்கப் போவதில்லை.

திட்டத்தில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று: நிலப் பயன்பாடு, கடைத்தெருப் பகுதிகள், போக்குவரத்து.

முதலில் நிலப் பயன்பாடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று பிரித்திருக்கிறார்கள். முதன்மைக் குடியிருப்பு கலப்புக் குடியிருப்பாக மாறினால் பக்கத்து வீட்டில் எதுவெல்லாம் வரலாம் என்ற பட்டியலே மாறிவிடும். இதை நல்லது என்பவரும் உண்டு, கெட்டது என்பவரும் உண்டு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட நினைப்பவருக்கு அது வருமானம். மாடியில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு அது ஜெனரேட்டர் சத்தம்.

வேளச்சேரிக்காரர்களான நமக்கு நிலப் பயன்பாடு என்றால் அதில் தண்ணீரும் சேர்த்தி. நம் ஏரியின் ஒரு பகுதி மனையானது எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்து மழைநீரை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டு போவது வீராங்கால் ஓடை. அந்தச் சதுப்பு நிலத்தின் அருமை தெரியாமல் அதன் மேலேயே குப்பையைக் கொட்டினோம், கட்டடங்களைக் கட்டினோம். 2022இல் அதற்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் 2015 வெள்ளம் வந்து போய்விட்டது. அந்தஸ்து கிடைத்த அடுத்த வருஷமே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலும் வந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு அந்த நான்கு நாட்களை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வரைபடத்தில் நீர்வழி என்று நிறம் தீட்டினால் போதாது. அதன் இரு கரையிலும் எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதை எண்ணால் எழுத வேண்டும்.

இரண்டாவது, கடைத்தெருப் பகுதிகள். சென்னைக்கு நகர மையம் என்று ஒரே இடம் கிடையாது. பாரிமுனை, மவுண்ட் ரோடு, தி.நகர் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது நம் விஜயநகர் சந்திப்பும் ஒரு சின்ன தி.நகர்தான். பாரிமுனையின் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பது முதல் திட்டத்திலிருந்தே இருக்கும் நோக்கம். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்துகள் 2002இல் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் கடைசியில் தென் மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது.

சந்தை போன இடத்தில் மொத்த வியாபாரம் சேர்ந்து போனது, அதனால் அது நிலைத்தது. கிளாம்பாக்கம் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. பெட்டியோடும் குழந்தையோடும் நள்ளிரவில் வந்து இறங்கியவர்கள் ஆட்டோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நிலையத்தின் இடம் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் வருகிறது, அங்கே போய்ச் சேரும் வழி போக்குவரத்துத் திட்டத்தில் வருகிறது. இரண்டையும் வெவ்வேறு காலத்தில் செய்தால் இடைப்பட்ட செலவு பயணியின் தலையில்தான்.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று அப்போது பயந்தார்கள். இன்று அங்கே உட்கார இடம் இருக்கிறது, வயதானவர்கள் பயமில்லாமல் நடக்க முடிகிறது. 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை வந்தது. இப்படி ஒரு வசதி விஜயநகருக்கும் வேண்டும் என்று கேட்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது, போக்குவரத்து. சென்னையில் பஸ்ஸுக்கு ஒரு அமைப்பு, மெட்ரோவுக்கு ஒன்று, புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் ரயில்வேக்கு, சாலை பாதி மாநகராட்சிக்கு, பாதி நெடுஞ்சாலைத் துறைக்கு. இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் கும்டா. அதற்கான சட்டம் 2010இலேயே வந்தது. ஆனால் அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது. வங்கியில் இப்படி ஒரு ஃபைல் கிடந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

தாமதம் என்றால் நமக்குத் தெரிந்ததைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர். நிலம் எடுப்பதில் வழக்கு, அரை கிலோமீட்டருக்குத் தகராறு என்று பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. தூண்கள் நின்றன, மேலே ரயில் இல்லை. அதே காலத்தில் மெட்ரோ முதல் கட்டம் 2015இல் ஓடத் தொடங்கி, விம்கோ நகர் வரை 54 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீட்டர். அதில் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகப் போகிறது. அந்த நிலையங்களுக்கு நாம் எப்படிப் போவோம்? ஒரு சிற்றுந்தும் நல்ல நடைபாதையும் இல்லாவிட்டால் எல்லோரும் பைக்கைத்தான் எடுப்பார்கள்.

இப்போது நம் மடியில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். போன கூட்டத்தில் இதற்காகத்தான் குரல் உயர்ந்தது.

தளப் பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ, இரண்டாவது மாஸ்டர் பிளானில் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2 ஆனது. கட்டணம் செலுத்தினால் பிரீமியம் எஃப்எஸ்ஐ உண்டு. அது சாலை அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50.

நம் பழைய பிளாக்குகள் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு கிரவுண்டு, 24 வீடு. எட்டு கிரவுண்டு என்பது 19,200 சதுர அடி. 1.5 கணக்கில் 28,800 சதுர அடி கட்டலாம். வீட்டுக்கு 1,200. இன்று 2 என்றால் 38,400. தெரு 40 அடி, அதாவது 12 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பிரீமியமும் வாங்கினால் 2.8, அதாவது 53,760 சதுர அடி. அதே அளவு வீடு என்றால் 44 வீடு வரும். கூடுதலாகக் கிடைக்கும் 20 வீட்டை விற்றுத்தான் பில்டர் நமக்கு இலவசமாக வீடு கட்டித் தருகிறேன் என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இன்று ஒரு வீட்டுக்கு 800 சதுர அடி இருக்கும் யுடிஎஸ், நாளை 436 ஆகும். நிலம் வளராது, பங்குதாரர்கள்தான் கூடுவார்கள்.

இதை வைத்து மறுகட்டுமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பி துருப்பிடித்து, சீலிங் சிமெண்ட் விழும் வீட்டில் இருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டிக்கும் அப்படித்தான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். 24 வீட்டில் 16. மீதி எட்டு வீட்டுக்காரர்களின் பயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். கட்டி முடிக்கும்வரை வாடகை வீட்டுக்கு எங்கே போவது, பென்ஷனில் அந்தச் செலவு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. இதை ஓட்டெடுப்பில் அடக்கிவிட முடியாது.

தெருவில் ஐந்து பிளாக்குகள் இப்படி மாறினால் நூறு வீடு கூடும். சாக்கடைக் குழாய் அதேதான், தெரு அகலம் அதேதான். இரண்டு பக்கமும் கார் நிறுத்தியபின் 40 அடியில் எத்தனை அடி மிஞ்சும் என்று தினமும் பார்க்கிறோம். ரயிலும் மெட்ரோவும் இருக்கும் இடத்தில் அடர்த்தியைக் கூட்டலாம் என்பது நல்ல கொள்கைதான். அடர்த்திக்கு முன்னால் குழாயும் நடைபாதையும் பேருந்தும் வர வேண்டும். கூடுதல் எஃப்எஸ்ஐக்கு வாங்கும் கட்டணம் அந்தந்தப் பகுதிக்கே திரும்பி வர வேண்டும். கடன் கொடுக்கும்முன் திருப்பிக் கட்டும் சக்தியைப் பார்ப்பது போல, மாடி கொடுக்கும்முன் தெருவின் சக்தியைப் பார்க்கச் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? இரண்டாவது திட்டத்தின் வரைவை 2007இல் வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்டார்கள். சட்டப்படி இந்த முறையும் கேட்டாக வேண்டும். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் புலம்பினால் அது பதிவாகாது. எழுத்தில், சர்வே எண்ணோடு, கையெழுத்தோடு போக வேண்டும்.

அதற்கு நான்கு வேலைகள். ஒன்று, ஒவ்வொரு பிளாக்கும் தன் சர்வே எண்ணைப் பத்திரத்தில் பார்த்து, இன்றைய நிலப் பயன்பாடு என்ன என்று சிஎம்டிஏ இணையதளத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு, தெருவின் உண்மையான அகலத்தை மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதி வைக்க வேண்டும். மூன்று, 2015இலும் 2023இலும் எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று ஒரு பட்டியல். சுவரில் கறை இன்னும் இருக்கிறது, போட்டோ எடுங்கள். நான்கு, நம் வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கு வரும் அம்மாக்கள், வாட்ச்மேன் எல்லோரும் எதில், எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். திட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த நான்கையும் வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு மனு போதும். வாடகைக்கு இருப்பவர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். வெள்ளம் வந்தபோது தண்ணீர் பத்திரத்தைப் பார்த்து நுழையவில்லை.

2046இல் எனக்கு எண்பதைத் தாண்டிவிடும். அந்தத் தெருவில் நடக்கப் போவது பெரும்பாலும் உங்கள் பிள்ளைகள். ஆகவே குழுவுக்கு இளைஞர்கள் இரண்டு பேராவது பெயர் கொடுங்கள். கணக்கு எழுதுவதும், நகல் எடுத்து ஃபைல் போடுவதும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். பத்திர நகலோடு வாருங்கள்.