மேனேஜரா கேக்கறீங்களா, மாணவியா கேக்கறீங்களா?

இன்னைக்குப் பேசப்போறது, வேலை பார்த்துக்கிட்டே சனி, ஞாயிறுல எக்சிகியூட்டிவ் எம்பிஏ படிக்கிறவங்களைப் பத்தி. குறிப்பா, படிப்போட கடைசியில அவங்க செய்யற ப்ராஜெக்ட் பத்தி.

பதினஞ்சு வருஷம் வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட, வேற ஏதோ கம்பெனியோட கதையைப் படிச்சு எழுதிட்டு வாங்கன்னு சொன்னா அவருக்கு அதுல பெருசா ஒண்ணும் கிடைக்காது. அதனால பல பிசினஸ் ஸ்கூல்கள்ல வேற மாதிரி கேக்கறாங்க. உங்க சொந்த நிறுவனத்துலயே ஒரு பிரச்சினையை எடுங்க. ஆராயுங்க. அதை மாத்த முயற்சி பண்ணுங்க. என்ன நடந்ததுன்னு எழுதுங்க. இதுக்கு ஆக்‌ஷன் ரிசர்ச்னு பேரு, தமிழ்ல செயல் ஆய்வு. கர்ட் லெவின் என்கிற உளவியலாளர் 1940-கள்ல இந்தப் பேரைப் பிரபலமாக்கினார்.

கேக்கறதுக்குச் சுலபமா இருக்கு. ஆனா ஆராயறவரும் அதே ஆபீஸ், ஆராயப்படறவங்களும் அதே ஆபீஸ். வெளியில இருந்து வர்ற கன்சல்டன்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டு ஃப்ளைட் ஏறிடுவார். இவங்க திங்கட்கிழமை காலையில அதே முகங்களைப் பாக்கணும்.

இந்த விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஒரு சுரங்கத் தொழிலாளி. பேரு கென் பாம்ஃபோர்த். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் பதினெட்டு வருஷம் நிலக்கரி வெட்டினவர். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் லண்டன்ல இருக்கற டாவிஸ்டாக் நிறுவனத்துல பயிற்சி ஆய்வாளரா சேர்ந்தார். அங்க ஒரு வழக்கம் இருந்தது. தொழில்துறையில இருந்து வந்தவங்க ஒரு வருஷம் படிச்சதும், தாங்க முன்னாடி வேலை பார்த்த இடத்துக்கே திரும்பிப் போய், புதுசா என்ன கண்ணுல படுதுன்னு பாத்துட்டு வரணும். இன்னைய எக்சிகியூட்டிவ் ப்ராஜெக்ட்டுக்கு இது தாத்தா மாதிரின்னு நான் சொல்லுவேன்.

பாம்ஃபோர்த் தன்னோட பழைய சுரங்கத்துக்குப் போனார். அவர் என்ன பாத்தார்னு புரியணும்னா அந்தக் காலத்து வேலைமுறை கொஞ்சம் தெரியணும். பழைய முறையில ரெண்டு மூணு பேர் சேர்ந்த சின்னக் குழு, தாங்களே ஆளைத் தேர்ந்தெடுத்து, வெட்டறதுல இருந்து அள்ளறது வரைக்கும் எல்லாத்தையும் செய்வாங்க. கூலியைப் பங்கு போட்டுக்குவாங்க. மெஷின் வந்ததும் லாங்வால்னு ஒரு முறை வந்தது. சுமார் 40 பேர், மூணு ஷிஃப்ட். ஒரு ஷிஃப்ட் வெட்டும், அடுத்தது கன்வேயரை நகர்த்தும், மூணாவது அள்ளும். முந்தின ஷிஃப்ட் செஞ்ச குளறுபடி அடுத்த ஷிஃப்ட் தலையில விடியும். யாரு செஞ்சதுன்னு கேக்கப் போனா அவன் வீட்டுல தூங்கிட்டு இருப்பான். (டெவலப்மென்ட், டெஸ்டிங், ஆபரேஷன்ஸ்னு மூணு டீமா பிரிச்சு வெச்சிருக்கற கம்பெனியில வேலை பார்த்தவங்களுக்கு இதை நான் மேல விளக்கவே வேண்டாம்.)

ஹேமோர்ங்கற படுகையில பாம்ஃபோர்த் பாத்தது வேற. அங்க தொழிலாளிங்க மெஷினையும் வெச்சுக்கிட்டு, வேலையைத் திரும்ப சின்னக் குழுக்களாவே பிரிச்சுக்கிட்டாங்க. யோசனை அவங்களோடது, அங்க இருந்த மேனேஜரும் ஒத்துழைச்சார். விபத்து குறைவு, லீவு குறைவு, உற்பத்தி நல்லா இருந்தது. பாம்ஃபோர்த்தும் எரிக் ட்ரிஸ்ட் என்கிற டாவிஸ்டாக் ஆய்வாளரும் சேர்ந்து 1951-ல கட்டுரை எழுதினாங்க. தொழில்நுட்பத்தையும் மனுஷ உறவையும் சேர்த்துத்தான் வடிவமைக்கணும்ங்கற சிந்தனைக்கு அதுதான் தொடக்கப்புள்ளின்னு இன்னைக்கும் சொல்றாங்க.

சரி, நிர்வாகம் சந்தோஷப்பட்டிருக்குமே? இல்லை. சுரங்கங்கள் 1947-லயே தேசியமயமாகி, தேசிய நிலக்கரி வாரியம் கையில இருந்தது. அந்தப் பகுதி நிர்வாகம் இதை வெளிச்சம் போட்டுக் காட்ட விரும்பல. தொழிலாளிங்க தாங்களே வேலையைப் பாத்துக்கிட்டா மேலதிகாரிங்க கையில என்ன மிச்சம் இருக்கும்? ஆய்வைத் தொடர அனுமதி கிடைக்கல, அந்தக் கட்டுரையைக்கூட அவங்களுக்குப் பிடிக்கல. பல வருஷம் கழிச்சு ட்ரிஸ்ட்டே இதை எழுதியிருக்கார்.

கவனிச்சீங்களா, உள்ள இருந்த பாம்ஃபோர்த்தும் வெளியில இருந்த ட்ரிஸ்ட்டும் ஜோடியா நின்னாங்க. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஹார்வுட்னு ஒரு பைஜாமா ஃபேக்டரி. அங்கயும் இதே ஜோடிதான். லெஸ்டர் காச் அந்த ஃபேக்டரியோட பர்சனல் மேனேஜர், ஜான் ஃப்ரெஞ்ச் உளவியலாளர். வேலைமுறையை மாத்தும்போது, இனிமே இப்படித்தான்னு சொல்லி மட்டும் விட்ட குழுவுல உற்பத்தி விழுந்து எழவே இல்லை. சில பேர் வேலையையே விட்டுட்டாங்க. மாற்றத்தைத் திட்டமிடறதுலயே சேர்த்துக்கிட்ட குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டிட்டாங்க. 1948-ல இது கட்டுரையா வந்தது. இன்னைக்கு எம்பிஏ ப்ராஜெக்ட்டுல ஊழியர்கள் மாற்றத்தை எதிர்த்தாங்கன்னு ஒரு வரி எழுதிட்டு நகர்றவங்க இதை ஒருதடவை படிக்கலாம்.

இப்ப எங்க ஆபீஸ் கதை. எங்க டீம் மேனேஜர் ரெண்டு வருஷம் முன்னாடி இந்த மாதிரி ஒரு கோர்ஸ் படிச்சாங்க. எடுத்துக்கிட்ட கேள்வி, நம்ம ரிலீஸ் ஏன் எப்பவும் தள்ளிப்போகுது? பேட்டி எடுக்க முதல்ல கூப்பிட்டது என்னை. மீட்டிங் ரூம்ல போனை ரெக்கார்டிங்ல வெச்சுட்டு, மனசுல இருக்கறதைச் சொல்லுங்கன்னாங்க. அடுத்த மாசம் அப்ரைசல்.

நான் கேட்டேன், "நீங்க இப்ப மேனேஜரா கேக்கறீங்களா, மாணவியா கேக்கறீங்களா?"

அவங்க ரெக்கார்டிங்கை நிறுத்திட்டாங்க. "நல்ல கேள்வி. ரெண்டுமாத்தான் இருக்கேன். யோசிச்சுட்டு வரேன்"னு எழுந்து போயிட்டாங்க.

அயர்லாந்துல டேவிட் காக்லன், தெரசா பிரானிக்னு ரெண்டு பேர், சொந்த நிறுவனத்துல ஆய்வு பண்றதைப் பத்தியே 2001-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல இந்த இரட்டை வேஷம் ஒரு முக்கியமான தலைப்பு. இன்னொண்ணு, உள்ள இருக்கறவங்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்ங்கற நினைப்பு. அதனாலயே சில கேள்விகளைக் கேக்கவே மாட்டாங்க.

ஒரு வாரம் கழிச்சு ஒரு ஏற்பாட்டோட வந்தாங்க. கூடப் படிக்கற ஒருத்தர், ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்கறவர், எங்களைப் பேட்டி எடுப்பார். பேரையெல்லாம் எடுத்துட்டு, தொகுத்ததை மட்டும் இவங்ககிட்ட கொடுப்பார். பதிலுக்கு இவங்க அவரோட ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸுங்களைப் பேட்டி எடுப்பாங்க. எங்களுக்கு முகம் தெரியாத ஆள், அதனால தைரியமா பேசினோம்.

வந்த பதில் என்ன? டெஸ்டிங்தான் லேட்டுன்னு அவங்க நம்பிக்கிட்டு இருந்தாங்க. டீம் சொன்னது, எல்லாம் முடிஞ்சு உங்க அப்ரூவலுக்குத்தான் காத்துக்கிட்டு கிடக்குது. நீங்க நாள் பூரா மீட்டிங்ல இருக்கீங்க.

இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எங்ககிட்ட சரியா பேசல. அப்புறம் டீமையே உக்கார வெச்சு ஒரு விதி போட்டோம். சின்ன மாற்றம்னா ரெண்டு சீனியர் பாத்தா போதும், அவங்க கையெழுத்து வேண்டாம். மூணாவது வாரம் அப்படிப் போன ஒண்ணு ராத்திரியில உடைஞ்சது. பழைய வெர்ஷனுக்குத் திருப்பினோம். டைரக்டரோட போனை அவங்களே எடுத்துப் பேசினாங்க, விதியை மாத்தல. என் கண்ணுல அந்தப் ப்ராஜெக்ட்டு நிஜமானது அன்னைக்குத்தான்.

ரிப்போர்ட்டைப் பாத்த டைரக்டர், நல்லா இருக்கு, ஆனா மத்த டீம்களுக்கு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்னார். எனக்கு நிலக்கரி வாரியம்தான் ஞாபகம் வந்தது.

இந்தக் கோர்ஸ் நடத்தறவங்ககிட்ட எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மாற்றம் ஜெயிச்சதான்னு பாத்து மார்க் போட்டா, எல்லா ரிப்போர்ட்டும் ஜெயிச்ச மாதிரிதான் வரும். தடுக்கப்பட்ட மாற்றத்தை, யாரு எதுக்காகத் தடுத்தாங்கன்னு நேர்மையா எழுதினா அதுக்கும் நல்ல மார்க் போடுங்க. இப்ப இதே மாதிரி ப்ராஜெக்ட்டுல இருக்கறவங்க, வேற தொழில்ல இருந்து உங்களுக்கு ஒரு ட்ரிஸ்ட்டைத் தேடிக்கோங்க. உங்க வகுப்புலயே பக்கத்து சீட்டுல இருப்பார்.

எங்க மேனேஜர் கல்லூரிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டை எங்ககிட்ட கொடுத்தாங்க. ரெண்டு இடத்துல, யாரு சொன்னதுன்னு கண்டுபிடிச்சிடலாம்னு தோணுச்சு, எடுக்கச் சொன்னோம். எடுத்துட்டாங்க. அவங்களைப் பத்தி நாங்க சொன்னதை ஒரு வரிகூட எடுக்கல.