காயல் கரையில் வீடு வாங்கலாமா?



வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சொந்த வீடு ஒரு கனவு. அதுவும் தண்ணீர் ஓரத்தில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். காற்று வரும். தென்னை மரம் இருக்கும். வண்டிச் சத்தம் இருக்காது. நகரத்தின் நடுவில் உள்ள வீட்டை விட விலையும் குறைவாக இருக்கும். வீட்டுத் தரகர் இப்படித்தான் சொல்வார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்வார். மீதிப் பாதியை வாங்குகிறவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் உள்ள கொச்சியை எடுத்துக்கொள்வோம். மேற்கே அரபிக் கடல். கிழக்கே வேம்பநாட்டுக் காயல். நடுவில் நிறையத் தீவுகள். காயல் என்பது கடலோடு சேர்ந்த நீர்நிலை. கடல் ஏறினால் காயலும் ஏறும். கடல் வற்றினால் காயலும் வற்றும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொச்சியை ஒட்டி மரடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே காயல் ஓரத்தில் நான்கு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. ஒன்றில் 19 மாடிகள். மொத்தம் 300-க்கும் மேற்பட்ட வீடுகள். சன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும். வெளிநாட்டில் உழைத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் வாங்கினார்கள். பத்திரம் பதிந்தார்கள். வரி கட்டினார்கள். வங்கியும் கடன் கொடுத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் ஒரு குறை இருந்தது. கடலுக்கும் காயலுக்கும் பக்கத்தில் கட்டடம் கட்டுவதற்குத் தனி விதி உண்டு. 1991-ல் மத்திய அரசு அந்த விதியைக் கொண்டு வந்தது. 2011-லும் 2019-லும் அதை மாற்றி எழுதியது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை புதுக் கட்டடம் கூடாது. தூரம் இடத்துக்கு இடம் மாறும். இதைக் கவனிக்க மாநிலத்தில் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் இருக்கிறது. மரடு அப்போது பஞ்சாயத்தாக இருந்தது. 2006-ல் பஞ்சாயத்து, ஆணையத்தைக் கேட்காமலே அனுமதி கொடுத்துவிட்டது. மறு வருடம் பஞ்சாயத்தே தடுக்கப் பார்த்தது. கட்டியவர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். வேலை நடந்துகொண்டே இருந்தது.

வழக்கு பல வருடம் நடந்தது. 2019 மே 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டடங்களை இடிக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. அந்த வருடமே குடியிருந்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒவ்வொரு கட்டடமும் சில நொடிகளில் மண்ணாகிவிட்டது. வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாகக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்கிய விலை பலருக்கு அதை விட அதிகம். வீடு இடிந்தது. வங்கிக் கடன் இடியவில்லை.

வங்கி கடன் கொடுத்துவிட்டதே, அப்படியானால் வீடு சரியாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். மரடில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வங்கி தன் பணத்துக்காகப் பார்க்கும். உங்கள் பணத்துக்காக நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, அது பெரிய மாடி வீடு. சின்ன வீடு வாங்குகிறவர்களுக்கு என்ன வரப்போகிறது? அதையும் பார்ப்போம்.

ஃபோர்ட் கொச்சியில் தோபி கானா என்ற சலவைத் துறை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே துணி வெளுக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறார்கள். நகைச் சீட்டும் முடிந்திருக்கிறது. கும்பளங்கியில் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. கும்பளங்கி காயலுக்கு நடுவில் இருக்கும் தீவு கிராமம். 2019-ல் வந்த ஒரு மலையாள சினிமாவால் ஊர் பெயர் எங்கும் தெரிந்துவிட்டது. பாலம் உண்டு, பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறார்கள். வெயில் அடிக்கிறது. காயல் கண்ணாடி போலக் கிடக்கிறது. கணவனுக்குப் பிடித்துவிட்டது.

மனைவி பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகிறாள்.

"சேச்சி, இங்கே தண்ணி ஏறுமா?"

"மழையிலே அவ்வளவு இல்லை மோளே. மழை முடிஞ்சுதான் ஏறும்."

இந்தப் பதில் அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாமல் இருக்கலாம். கொச்சியில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் அதிகமாக ஏறும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம் போனால் 1 மீட்டர்தான். ஆனால் நிலம் மிகத் தாழ்வாக இருக்கிறது. காயலும் வாய்க்காலும் மண் மூடி ஆழம் குறைந்துவிட்டன. ஏறி வரும் தண்ணீருக்குப் போக இடம் இல்லை. அதனால் நவம்பர் தொடங்கிச் சில மாதங்கள், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில், உப்புத் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது. சில வீடுகளில் அடுப்படி வரைக்கும் வருகிறது. கடல் மட்டமும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. இனி இது கூடுமே தவிரக் குறையாது.

மழை வெள்ளம் வடிந்தால் கழுவிவிடலாம். உப்புத் தண்ணீர் அப்படி இல்லை. அது சுவருக்குள் ஏறும். பூச்சு உப்புப் பூத்து உதிரும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கினால் கான்கிரீட் வெடிக்கும். கக்கூஸ் தொட்டியில் தண்ணீர் ஏறினால் கழிவு திரும்பி வரும். தோட்டத்தில் செடி நிற்காது. கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும்.

ஆகவே வீட்டை இரண்டாம் தடவை பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போக வேண்டாம். அமாவாசையோ பௌர்ணமியோ பார்த்துப் போங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று வலை போடுகிறவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் புது வர்ணம் அடித்திருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா? கட்டிலின் காலுக்குச் செங்கல் வைத்திருக்கிறார்களா? இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம், கண் போதும். ஆற்றங்கரை வீடு என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஆலுவா, பறவூர் பக்கம் பெரியாற்றங்கரையில் அந்த மாதம் ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின.

ஊர் அமைதியாக இருக்கிறது என்று மகிழ்ச்சிப்படுகிறவர்கள் ஒன்று கேட்க வேண்டும். ஏன் அமைதியாக இருக்கிறது? ஆட்கள் குறைவு என்பதாலா, இருந்தவர்கள் பூட்டிவிட்டுப் போய்விட்டதாலா? தெருவில் பூட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பிரசவ வலி இரவில் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? குழாயில் நல்ல தண்ணீர் தினமும் வருகிறதா, லாரியில் வருகிறதா?

இத்தனையும் சொன்னதால் கரையோரமே ஆகாது என்று அர்த்தம் இல்லை. காயலில் மீன் பிடித்து வாழ்கிறவருக்கு அதுதான் சரியான இடம். மேடான மனையில் அடித்தளம் உயர்த்திக் கட்டிய வீடு நன்றாகவே இருக்கும். பாலம் வந்தால் நிலைமையும் மாறும். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறந்த பிறகு வைப்பின் தீவுக்காரர்கள் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருக்கும் எல்லாப் பணத்தையும் ஒரே வீட்டில் போடுகிற குடும்பம், தண்ணீர் ஏறுகிற மனையை விலை மலிவு என்பதற்காக வாங்கக் கூடாது. வாங்கிய பிறகு மண் அடித்து, சுவரை மறுபடி பூசி, தரையை உயர்த்தினால் மலிவு எங்கே போகும்?

இனிக் காகிதம். கேரளத்தில் ஒரு சொல்லைத் தமிழர்கள் கவனிக்க வேண்டும். தமிழில் நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். அங்கே வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு மனைக்குப் 'புரயிடம்' என்று பெயர். பெயரைப் பார்த்து, நிலம்தானே என்று கையெழுத்துப் போட்டால் வயலை வாங்கிவிடுவீர்கள். நெல்வயலையும் சதுப்பையும் மண் போட்டு மூடுவதை 2008-ம் வருடத்துச் சட்டம் தடுக்கிறது. எந்த சர்வே எண் வயல் என்று ஊர்தோறும் பட்டியல் இருக்கிறது. அதை 'டேட்டா பேங்க்' என்பார்கள். வில்லேஜ் ஆபீசிலும் கிருஷி பவனிலும் விசாரிக்கலாம்.

பழைய பத்திரம், வில்லங்கச் சான்று, இந்த வருடத்து வரி ரசீது ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் வீட்டு எண்ணோடு 'யு.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தால் நில்லுங்கள். அனுமதி இல்லாத கட்டடத்துக்கு அப்படித்தான் எண் கொடுப்பார்கள். வரி கட்டியதால் அது முறையான வீடு ஆகிவிடாது. கரையோர விதிக்குள் வருமா என்பதைப் பஞ்சாயத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன பதில் நீதிமன்றத்தில் நிற்காது.

புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடி வீடு என்றால் 2016-ம் வருடத்துச் சட்டப்படி அது மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவாகி இருக்க வேண்டும். மிகச் சிறிய திட்டங்களுக்கு மட்டும் விலக்கு. எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தரகர் அவசரப்படுத்துவார். "நாளைக்கு வேறு ஆள் வருகிறார்" என்பார். வரட்டும்.

கடைசியாகக் கணக்கு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் இதற்கே போய்விடும். இந்த 2 லட்சத்தைக் கடைசி வாரத்தில் வட்டிக்கு வாங்கித் தவிக்கிறவர்கள் பலர். விலை பேசும் நாளிலேயே இதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்த்த தாளை வீட்டில் பெண்களிடமும் காட்டுங்கள்.