ஐம்பது ரூபாய்க்கு ஒரு வால்



டாபர்மேன் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? விறைத்த கூர்க்காது, ஒட்ட நறுக்கிய வால். இரண்டுமே நாம் செய்தவை. பிறக்கும்போது அதற்கு நீண்ட வால், தொங்குகிற காது. குட்டி கண் திறப்பதற்கு முன்பே, பெரும்பாலும் மயக்க மருந்துகூட இல்லாமல் வாலை வெட்டுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் காதைச் செதுக்கி, அது நிமிர்ந்து நிற்கப் பல வாரம் கட்டுப் போட்டு வைக்கிறார்கள். நோயா? ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு மிடுக்காக இருக்க வேண்டுமாம்!

வேடிக்கை கேளுங்கள். அந்த இனம் பிறந்த ஜெர்மனியிலேயே 1987இல் காது வெட்டுவதையும், 1998இல் வால் வெட்டுவதையும் தடை செய்துவிட்டார்கள். வேட்டை நாய்களுக்கு மட்டும் சில விலக்கு. அந்த ஊர் டாபர்மேன் வாலாட்டுகிறது. நம் ஊர் டாபர்மேனுக்கு ஆட்ட என்ன இருக்கிறது?

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பது குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் என்ன தண்டனை? அதில் எழுதிய அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். வெட்டுக்கூலி அதைவிடப் பல மடங்கு.

காது, வால் என்று அங்கே பெயர் சொல்லி எழுதவும் இல்லை. அதனால் 'இது சிதைப்பே இல்லை, இனத்தின் லட்சணம்' என்று வாதாட இடம் கிடைக்கிறது. செல்லப்பிராணிகளுக்காக 1987இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உருவான ஐரோப்பிய உடன்படிக்கையோ வால், காது, குரல்நாண், நகம், பல் என்று ஐந்தையும் பெயர் சொல்லியே தடுத்தது. சோபா கிழிகிறது என்று பூனைக்கு நகம் எடுக்கச் சொல்கிறார்களே, நகம் மட்டுமா போகிறது? ஒவ்வொரு விரலின் நுனி எலும்பும் சேர்ந்து போகும். நியூயார்க் மாநிலம் 2019இல் அதற்கும் தடை போட்டது.

"அப்படியானால் கருத்தடை? கருத்தடை செய்த தெருநாயின் காதில் அடையாளத்துக்குப் போடுகிற வெட்டு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கருத்தடைக்கு அந்த உடன்படிக்கையே விலக்குத் தருகிறது. காது அடையாளமும், அதே நாயை இன்னொரு முறை பிடித்துக் கத்தி வைக்காமல் இருக்கத்தான். மயக்கத்தில் இருக்கும்போதே போடுவது. கத்தி யாருடைய நன்மைக்கு என்பதைத்தான் சட்டம் பார்க்க வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்கள், "வாலோடு வேண்டும்" என்று பிறப்பதற்கு முன்பே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்க்கப் போகும்போது வெட்டு முடிந்திருக்கும். வாசல் மேஜையில் ஒரு மனு இருக்கிறது. அந்த உடன்படிக்கையைப் போல ஐந்தையும் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதுங்கள், அபராதத்தை உயர்த்துங்கள் என்று கேட்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.