வேலை மாறும் முன் நாலு கேள்வி

(திருத்தணியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழு ஊக்குநர் ஒருவர் பேசியது.)



போன கூட்டத்தில் ஒரு குழுவிலிருந்து கடன் மனு வந்தது. ‘மகளுக்குக் கம்பெனி வேலை வாங்க ரூ.25,000’ என்று காரணம் எழுதியிருந்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தோம். நான்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன். அந்த அக்காவுக்கு என் மேல் வருத்தம். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே காரணத்துக்கு நானும் குழுவில் கடன் வாங்கினேன். அப்போது விசைத்தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். நூல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. “ஆபீஸ் வேலைம்மா, மாசம் 12,000” என்று ஒருவர் வந்து சொன்னார். 20,000 கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வேலையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மாசம் ஆயிரம் வீதம் 20 மாசம் அசல் கட்டினேன், வட்டி தனி. ஒரு தவணை தவறவில்லை. ஆனால் அந்த 20 மாசமும் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்த்து நான் பேசியதில்லை.

வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தறியில் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் மாறத்தான் வேண்டும். மாறுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: பணம் யார் யாருக்குக் கொடுப்பது?

வேலை செய்தால் முதலாளி நமக்குக் கொடுக்க வேண்டும். வேலை தருகிறேன் என்று நம்மிடம் முன்பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். திருவள்ளூரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. பதிவுக்கு ஒரு பைசா வேண்டாம். மூணு வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் நடத்தும் வேலைவாய்ப்பு முகாமுக்குக் கம்பெனிக்காரர்களே நேரில் வருவார்கள். அதுவும் இலவசம்தான். போனில் மெசேஜ் அனுப்பிப் பணம் பறித்துவிட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இரண்டாவது: கையில் எவ்வளவு வரும்?

சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பி.எஃப். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 10,000 என்றால் நூற்றுக்கு 12 வீதம் 1,200 பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு 14,000-த்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் வீதம் 105. மீதி 12,695. இனி ரயில் சீசன் டிக்கெட், சாப்பாடு, விடுதியில் தங்கினால் அதற்கு உண்டானது, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், எல்லாவற்றையும் கழியுங்கள். கடைசியில் நிற்பதுதான் உங்கள் சம்பளம்.

சொந்தத் தொழிலுக்கு மாறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆடிக் கிருத்திகைக்குப் பூ விற்ற நாலு நாள் வருமானத்தை வைத்து வருஷக் கணக்குப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் என்ன விற்கும் என்று பாருங்கள்.

மூன்றாவது: என்ன தாள் கொடுப்பார்கள்?

நியமனக் கடிதம், மாசாமாசம் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண். இந்த நாலும் கேட்டு வாங்குங்கள். பி.எஃப்.புக்குக் கொடுக்கும் யு.ஏ.என். எண் ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் அதுவே தொடரும். புது இடத்தில் அதையே கொடுத்துப் பழைய கணக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன். பிடித்த பணத்தைக் கட்டினார்களா என்று பார்க்க, அந்தக் கணக்கில் பதிந்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

நான்காவது: இந்த வேலை போனால் என்ன செய்வேன்?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியில் 2006-இல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலைக்குப் போனார்கள். யூனிபார்ம், கம்பெனி பஸ், அதைப் பார்த்து ஆசைப்படாத பெண் இல்லை. பிறகு வரி வழக்கு வந்தது. 2014-இல் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. வேறொரு கம்பெனி அந்த இடத்தை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்ததே 2019-இல்தான். அஞ்சு வருஷம் வயிறு காத்திருக்குமா?

அவ்வளவு பெரிய கம்பெனியே மூடும் என்றால், நம் கையில் இன்னொரு தொழில் இருக்க வேண்டும். நம்ம பக்கத்தில் பலருக்குத் தமிழும் தெலுங்கும் வரும். 1960 ஏப்ரல் வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது! அந்த ரெண்டு பாஷையும் நகரி, புத்தூர் பக்கம் வேலைக்குப் போனால் கைகொடுக்கும். தையல் தெரிந்தவர்கள் மிஷின் ரிப்பேரும் பழகுங்கள். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தொழிற்பயிற்சி இலவசமாகவே தருகிறார்கள். குறைந்தது மூணு மாசக் குடும்பச் செலவு சேமிப்பில் இருக்கட்டும்.

இப்போது அந்தக் கடன் மனுவுக்கு வருகிறேன். வேலைக்குக் கமிஷன் கொடுக்கக் கடன் இல்லை என்று தீர்மான நோட்டில் எழுதுவோம். பயிற்சிக்கு, பஸ் செலவுக்கு, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கு என்று கேட்டால் தாராளமாகக் கொடுப்போம்.

அக்கா, கோவிச்சுக்காதீங்க. திங்கட்கிழமை காலையில மகளைச் சான்றிதழோட ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க. திருவள்ளூருக்கு நானும் வர்றேன். டிக்கெட் என் செலவு.